மேடைக்குப் பின்னால் கழற்றிய கால்

நான் வேலை பார்த்த செயற்கைக்கால் நிலையத்தை இப்போது கவனித்துக்கொள்ளும் செல்வி போன மாதம் போன் செய்தாள்.

"அண்ணே, ஒரு சங்கத்துக்காரங்க வந்துட்டுப் போறாங்க. போர்ல அடிபட்டவங்களுக்குப் பாராட்டு விழா வைக்கிறாங்களாம். நம்மகிட்ட கால் போட்ட மிலிட்டரி ஆளுங்க யார் யாருன்னு கேக்குறாங்க. எல்லாரையும் அரை டவுசர்ல வரச் சொல்லணுமாம். கால் வெளிய தெரியணுமாம். உங்க காலத்துல இப்படி ஏதும் நடந்திருக்காண்ணே?"

நடந்திருக்கிறது என்றேன். அதற்கு மேல் போனில் சொல்ல வாய் வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று வைத்துவிட்டேன்.

நான் தச்சன். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பட்டறையில் கதவும் ஜன்னலும் இழைத்துக்கொண்டிருந்தவன். மதுரையில் ஓர் அறக்கட்டளை செயற்கைக்கால் செய்யும் நிலையம் தொடங்கியபோது, மர வேலை தெரிந்த ஆள் வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். அப்போது மரத்திலும் கால் செய்தோம். பிறகு சென்னைக்கு அனுப்பி சில மாதம் பயிற்சி கொடுத்தார்கள். மரம் போய் அலுமினியம் வந்தது, அலுமினியம் போய் பிளாஸ்டிக் வந்தது. நான் முதன்முதலில் செய்த காலை ஒரு லாரி கிளீனர் போட்டுக்கொண்டு போய், ஒரே வாரத்தில் கொப்புளத்தோடு திரும்பி வந்தார். அதிலிருந்துதான் வேலை கற்றுக்கொண்டேன் என்று சொல்லலாம்.

மீரா மேடம் எங்களுக்குத் தலைமையாக வந்தபோது நான் நாற்பதைத் தாண்டியிருந்தேன். அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. மதுரையிலேயே பிறந்த சௌராஷ்டிரப் பெண். செல்லூரில் தறி போட்டிருந்த குடும்பம். பம்பாயில் படித்துவிட்டு வந்திருந்தார். வீட்டிலிருந்து போன் வந்தால் அவர்கள் பாஷையில் இரண்டு வார்த்தை பேசி வைத்துவிடுவார். எங்களிடம் தமிழிலும் அதே இரண்டு வார்த்தைதான்.

அவர் வேலை செய்யும் விதம் எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. வந்தவரின் காலை உடனே பார்க்க மாட்டார். என்ன வேலை, வீட்டில் எத்தனை படி, கக்கூஸ் உட்காருகிற மாதிரியா குந்துகிற மாதிரியா என்று கேட்பார். ஒருமுறை செல்லூரிலிருந்து ஒரு நெசவாளர் வந்தார். தறிக்குழியில் மிதி மிதிக்க ஒரு கால் வேண்டும் என்றார். மேடம் மறுநாள் அவர் வீட்டுக்கே போய், புடவையைச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கி உட்கார்ந்து, மிதிகட்டையைக் காலால் அழுத்திப் பார்த்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகுதான் பாதத்தின் சரிவை எப்படி வைப்பது என்று எனக்குச் சொன்னார்.

எல்லாவற்றையும் திரைக்குள்தான் செய்ய வேண்டும். இரண்டு பக்கமும் பச்சைத் திரையை இழுத்துவிட்டு, சிமென்ட் தரையில் சம்மணம் போட்டு உட்காருவார். "கழட்டுங்க" என்று யாரிடமும் சொல்லிக் கேட்டதில்லை. "கழட்டிக்கிறீங்களா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, அவர்கள் கழற்றி முடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். கழற்றுவதற்கு நாங்கள் யாரும் கை வைக்கக் கூடாது. நான் இதைப் படித்தவர்களின் நாசூக்கு என்று நினைத்திருந்தேன்.

தொண்ணூற்றொன்பதில் கார்கில் சண்டை முடிந்திருந்த சமயம். ஊருக்கு ஊர் தட்டி வைத்து, ராணுவத்தில் இருந்தவர்களைத் தேடித் தேடி சால்வை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் தவசி வந்தார். திருமங்கலத்துக்கு மேற்கே கரிசல் காட்டில் ஒரு சின்ன ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். நாற்பது வயதிருக்கும். உயரமான ஆள். கக்கத்தில் ஒரு மரக்கட்டையை ஊன்றி, இடது பக்கம் வேட்டி தொங்க, முதுகை மட்டும் வளைக்காமல் வந்தார். பேசியதெல்லாம் அவர் மனைவி பஞ்சவர்ணம்தான்.

"இவுகளுக்கு ஊர்ல விழா எடுக்குறாக சார். பேரூராட்சியில தீர்மானம் போட்டுட்டாக. மேடையில ஏத்தி பாராட்டுப் பத்திரம் குடுக்குறாகளாம். இவுக நடந்து ஏறுனாத்தான் வாரேங்கிறாக."

"கட்டையோட ஏற மாட்டேன்" என்றார் தவசி. அவ்வளவுதான் அன்றைக்கு அவர் பேசியது.

மேடம் தரையில் உட்கார்ந்து அளவுகள் சொல்ல, நான் மாவுக்கட்டுப் போட்டேன். மிஞ்சியிருக்கும் காலில் மெல்லிய உறை மாட்டி, அழியாத பென்சிலால் எலும்பு துருத்தும் இடங்களையெல்லாம் குறிக்க வேண்டும். முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநார் எடை தாங்கும். வெளிப்பக்க எலும்பின் தலை துளியும் தாங்காது. மாவு தோய்ந்த ஈரத்துணியைச் சுற்றி, அது இறுகும்வரை இரண்டு கட்டைவிரலாலும் அந்தத் தசைநாரின் இரு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மாவு காயும்போது சூடேறும். அந்த நேரத்தில் கையை எடுக்க முடியாது. எழுந்து போகவும் முடியாது. அதனால்தானோ என்னவோ, அந்த நேரத்தில் ஆட்கள் பேசுவார்கள். எத்தனையோ பேர் அப்படிப் பேசியிருக்கிறார்கள்.

தவசியும் பேசினார். அவர் இலங்கைக்குப் போன படையில் இருந்தவர். வவுனியாவுக்கு வடக்கே ஒரு தோட்டத்து வரப்பில் கண்ணிவெடியை மிதித்திருக்கிறார். ஆஸ்பத்திரியெல்லாம் முடிந்து ஊருக்கு வந்து, முதல் நாள் டீக்கடையில் உட்கார்ந்ததும், ஊர்க்காரர் ஒருவர், "நம்மாளுகளச் சுடத்தானப்பா போன" என்று கேட்டிருக்கிறார். கோபமாகக்கூட இல்லையாம், சும்மா கேட்டாராம். அதிலிருந்து இவர் எந்தக் கடையிலும் உட்காருவதில்லை. ராணுவத்தில் கொடுத்த கால், மிஞ்சிய கால் சூம்பச் சூம்பத் தளர்ந்துபோனது. துணியை அடைத்து நடந்து பார்த்திருக்கிறார். அதைச் சரி செய்ய புனேயில் இருக்கும் ராணுவ நிலையம் வரை போக வேண்டும் என்றதும் விட்டுவிட்டார். ஊனமுற்றோருக்கான ஒதுக்கீட்டில் ஊர் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத் கிடைத்தது.

"கண்ணாடிக்குப் பின்னால உக்காந்திருந்தா கால் இருக்கா இல்லையான்னு யாருக்கும் தெரியாது சார். வெளியூர்க்காரங்க கேட்டா, லாரி அடிச்சிருச்சும்பேன்."

"எதுக்கு லாரி?" என்று மேடம் கேட்டார்.

"லாரின்னா அதுக்கு மேல கேக்க மாட்டாங்க மேடம்."

இப்போது விழா எடுக்கிறவர்களுக்கு எந்தச் சண்டை என்று தெரியுமா என்று நான் கேட்டேன். விழாக்குழுத் தலைவர் உள்ளூர் ஜவுளிக்கடைக்காரர். அவருக்குத் தெரியும், ஊரில் எல்லாருக்கும் தெரியும், இப்போது அதையெல்லாம் யாரும் பார்க்கவில்லை என்றார் தவசி. பிறகு, "ஊரே கூப்பிடுது சார்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

அந்தக் காலை நான் எப்படிச் செய்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அச்சு வார்த்து, அரத்தால் ராவி, பிளாஸ்டிக் தகட்டை அடுப்பில் வைத்து அது கண்ணாடி போலத் தெளியும் நேரம் பார்த்து எடுத்து, அச்சின் மேல் போர்த்தினேன். ஒரு சுருக்கம் விழவில்லை. ஆடுசதை கனத்தை மறு காலோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு இழைத்தேன். தவசி இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடக்கத் தொடங்கினார். பிறகு கம்பியை விட்டார். எங்கள் நிலையத்தின் பின்பக்கத்தில் மாடிப்படி உண்டு. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக்கால் முதலில். தினமும் பஸ் ஏறி வந்து அந்தப் படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார். பஞ்சவர்ணம் கீழ்ப்படியில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருப்பார். விழாவுக்கு முந்தின நாள் பேன்ட் ஷூ எல்லாம் போட்டு வராந்தாவில் நடந்து காட்டினார். அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்த ஒருவர், "இவருக்கு எந்தக் காலுண்ணே?" என்று என்னிடம் கேட்டார். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

"புதுக் காலு. நாளைக்கு நீங்க கூடப் போங்க முத்தையாண்ணே. ஏதாச்சும் உறுத்துனா பாத்துக்கங்க" என்று மேடம் என்னை அனுப்பினார்.

பஸ் ஸ்டாப்புக்கு எதிரே பொட்டலில் மேடை போட்டிருந்தார்கள். நல்ல கூட்டம். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். தவசி ஆட்டோவிலிருந்து இறங்கி, மேடையின் பின்பக்கத்துக்கு என்னோடு நடந்து வந்தார். வெள்ளைச் சட்டை, நெஞ்சில் பதக்கங்கள். பஞ்சவர்ணம் பட்டுச்சேலையில் இருந்தார். அங்கே நின்றிருந்த தலைவர் தவசி நடந்து வருவதைப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷத்தை எதிர்பார்த்தேன்.

"என்ன மாப்ள, இம்புட்டு நல்லா நடக்குற?"

"மதுரையில போட்டதுண்ணே. இவருதான் செஞ்சாரு."

தலைவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு தவசியின் தோளில் கை போட்டார். கெட்ட மனிதர் இல்லை. சால்வை, சாப்பாடு எல்லாம் அவர் செலவு.

"நான் சொல்றதத் தப்பா எடுத்துக்காத. மதுரையில இருந்து அதிகாரி வந்திருக்காரு. பத்திரிகைக்காரங்க வந்திருக்காங்க. நீ இப்படி கிண்ணுன்னு ஏறி வந்தா சனத்துக்கு என்ன தெரியும்? நல்லாருக்க ஆளுக்கு எதுக்குய்யா பாராட்டும்பாங்க. எங்களத்தான் கேப்பாங்க."

"அண்ணே, நடந்து ஏறணும்னுதான அவுக இம்புட்டு நாளா..." என்றார் பஞ்சவர்ணம்.

"தங்கச்சி, இறங்கி வந்து மாட்டிக்கிறட்டும். யாரு வேணாங்கிறா. மேடையில இருக்க நேரம் மட்டுந்தான்." அவர் என் பக்கம் திரும்பினார். "சார், இதக் கழட்ட முடியுமா? ரொம்ப நேரம் பிடிக்குமா?"

அந்த இடத்தில் நான் சொல்லக்கூடியது எவ்வளவோ இருந்தது. கழற்றக் கூடாது என்று சொல்லியிருக்கலாம். டாக்டர் உத்தரவு என்று சொல்லியிருந்தால் அவர் மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டார். தவசியைக் கேளுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். தவசி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன எதிர்பார்க்கிறார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கேட்ட கேள்வி என் வேலையைப் பற்றியது.

"இதுலயா? ஒரே ஒரு வாருதான் சார். லேசா இழுத்தா கையோட வந்துரும். மாட்டுறதும் அதே மாதிரி" என்றேன்.

கடையில் சாமான் விற்கிறவன் சொல்வது போலச் சொன்னேன்.

தவசி பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மைக் வயர் இழுப்பவர்கள், மாலைக் கூடை தூக்குபவர்கள், சமையல்காரர்கள் எல்லாரும் போய் வந்துகொண்டிருந்தார்கள். நான் மண்டியிட்டு, அவர் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டி, வாரை அவிழ்த்து, காலை உருவினேன். என் கையால்தான் உருவினேன். வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அவர் வீட்டிலிருந்து பழைய கட்டையை எடுத்துவர சைக்கிளில் ஆள் போயிற்று.

அந்தக் கட்டையை ஊன்றி ரொம்ப நாளாகியிருந்தது அவருக்கு. மேடைப்படி வேறு செங்குத்து. இரண்டாவது படியில் தடுமாறியதும் இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்து அலாக்காகத் தூக்கி மேடையில் நிறுத்தினார்கள். கூட்டம் அப்போதுதான் கை தட்டியது. தலைவர் சொன்னது சரிதான், சுருட்டிய பேன்ட்டைப் பார்த்ததும் பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். பனி மூடிய மலையில் பகைவர்களோடு போராடிக் காலை இழந்த கார்கில் வீரர் என்று மைக்கில் அறிவித்தார்கள். அதிகாரி பொன்னாடை போர்த்தி, பத்திரத்தைக் கொடுத்தார்.

நான் மேடைக்குப் பின்னால் அந்தக் காலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தேன். ஷூவும் சாக்ஸும் போட்ட கால். திடீரென்று மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். வீரருக்குக் கால் கொடுத்த கைவினைஞர், அந்தக் காலோடு மேடைக்கு வரவும் என்றார்கள்.

யாரும் என்னைப் பிடித்து இழுக்கவில்லை. நானாகத்தான் ஏறினேன். சால்வை போட்டார்கள். "கொஞ்சம் உசத்திப் பிடிங்க சார்" என்று ஒரு போட்டோக்காரர் கேட்டார். உயர்த்திப் பிடித்தேன். சிரித்தேன் என்று பிறகு போட்டோவைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அதன் பிறகு தவசியை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் கார்கிலுக்குப் போகல. என் காலு போனது இலங்கையில. உங்கள்ல பல பேருக்குத் தெரியும். வெளியூர்க்காரங்ககிட்ட லாரி அடிச்சிருச்சுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். ஊரு கூப்பிட்டு மேடையில நிப்பாட்டி இருக்கீக. இங்க நின்னும் பொய் சொல்லக் கூடாது."

முன்வரிசைப் பெரியவர்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைவர் மைக்கை வாங்கி, எந்த மண்ணாக இருந்தால் என்ன, தியாகம் தியாகம்தான் என்று சொல்லிக் கை தட்ட வைத்தார். கொஞ்சம் தட்டினார்கள்.

இறங்கும்போதும் தூக்கித்தான் இறக்கினார்கள். நான் அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க, மாட்டிவிட்டுர்றேன்" என்றேன். தவசி உட்காரவில்லை. பஞ்சவர்ணம் என் கையிலிருந்து காலை வாங்கினார். தவசியின் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து, வெளியே எதுவும் தெரியாதபடி அந்தக் காலைச் சுற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டார். இருவரும் கூட்டத்துக்குள் போகாமல், மேடைக்குப் பின்னால் இருந்த முள்ளுக்காட்டுப் பாதையில் வீட்டுக்குப் போனார்கள். சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. நான் நின்றேன், சாப்பிட்டேன்.

மறுநாள் பேப்பரில் போட்டோ வந்திருந்தது. நிலையத்தில் எல்லாரும் கை கொடுத்தார்கள். ஒருவர் அதை வெட்டி நோட்டீஸ் போர்டில் குத்திவிட்டார். மேடம் வந்ததும் போர்டுக்கு முன்னால் நின்று பார்த்தார்.

"இதுல தவசி எங்க?"

நான் சுட்டிக் காட்டினேன். ஓரத்தில் ஒரு தோளும் கட்டையின் மேல்பாகமும்தான் தெரிந்தது.

"கட்டை எதுக்கு வந்துச்சு?"

சொன்னேன்.

"அவரு கழட்டணும்னு சொன்னாரா?"

"இல்ல மேடம்."

"யாரு கழட்டுனது?"

"நாந்தான் மேடம்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். போர்டிலிருந்து அந்தத் தாளை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, "கிளம்புங்க" என்றார்.

திருமங்கலம் தாண்டி தவசியின் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். பூத்தில் தவசி கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார். உள்ளே ஒரு பெண் துபாய்க்கோ எங்கோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் பேசி முடித்துப் போகும்வரை வெயிலில் நின்றோம். எங்களைப் பார்த்ததும் தவசி எழுந்தார். புதுக் காலில்தான் எழுந்தார்.

"எங்க மேல தப்பு. மன்னிக்கணும்" என்றார் மேடம். சுற்றி வளைக்கவில்லை.

தவசி நாற்காலியைத் துடைத்து அவருக்குப் போட்டார்.

"இவரைத் திட்டாதீக மேடம். அவரு கழட்டுனாருன்னா நான் ஏன் காலை நீட்டுனேன்? மாட்டேன்னு சொல்லத் தெரியாதவனா நான்? விழா நின்னுபோகுமோன்னு பயந்துட்டேன். யாராச்சும் ஒரு நா கூப்பிட மாட்டாகளான்னு இருந்துருக்கேன் பாருங்க. அம்புட்டு ஆசை இருந்துருக்கு எனக்கு. அதை நெனச்சா ராத்திரி தூக்கம் வரல."

பூத்துக்குப் பின்னாலிருந்து பஞ்சவர்ணம் வந்தார். "இவுக எதுக்கு வெக்கப்படணும்?" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

அது என் முறை. மேடம் எனக்காகத்தான் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரிந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"கால் எங்கயும் கடிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். நல்லாருக்கு."

அவ்வளவுதான் நான் அங்கே பேசியது. திரும்பும்போது பஸ்ஸில் மேடம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒருநாளும் அவர் பேசியதில்லை. விழாக்களுக்கு நிலையத்திலிருந்து யாரையும் அனுப்புவதும் இல்லை.

தவசி தொடர்ந்து வந்தார். பாதத்தின் ரப்பர் தேய்ந்தால் மாற்ற, வார் அறுந்தால் போட. செல்போன் வந்து எஸ்.டி.டி. பூத் மூடியபின் ரீசார்ஜ் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். என்னைப் பார்த்தால், "நல்லாருக்கீகளா சார்" என்று கேட்கத் தவறியதில்லை. ஆனால் திரைக்குள் போகும்போது மேடம் இருக்கும் பக்கம்தான் போவார். மேடம் வேறு வேலையாக இருந்தால் காத்திருப்பார். காலை அவரே கழற்றி, அவரே எடுத்துக் கொடுப்பார். நான் இழைத்த கால்தான் அது. பிறகு அதை என் கை தொடவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, மேடம் விடுப்பில் இருந்த ஒரு நாளில் அவர் வந்தார். முழங்காலுக்குக் கீழே உராய்ந்து புண்ணாகியிருந்தது போல. நடையில் லேசாகத் தெரிந்தது. நான் மட்டும்தான் இருந்தேன். திரையை இழுத்துவிட்டேன். மேடம் செய்வது போலத் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

"கழட்டிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வார் அவிழும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது திரைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"பரவால்ல சார். அவசரம் ஒண்ணும் இல்ல. மேடம் வந்தப்புறம் வாரேன்."

கேட் வரை அவர் நடந்து போவதைத் தரையில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். புண்ணோடு நடந்தும், எந்தக் கால் என்று தெரியாதவருக்குத் தெரியாது.